உப்பளத்தில் எடுத்த படம்

உப்பளத்தின் நடுவே ஸ்டாண்டில் நின்ற கேமராவிடம், தன் குஞ்சைப் படம் பிடிக்கச் சொன்னது ஒரு தாய்க் கொக்கு. படத்தில் குஞ்சு சாம்பல் நிறத்தில் மங்கித் தெரிந்தது.

“ஐயோ, என் பிள்ளைக்கு என்ன நோவு?” கொக்கு கழுத்தை நீட்டிப் படத்தையே உற்றுப் பார்த்தது.

“படத்துல என்னையும் பாரு, அடுப்புச் சாம்பலைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கேன்,” என்றது பக்கத்து உப்புக் குவியல்.

கேமரா நெளிந்தது. “பிள்ளைக்கு ஒண்ணுமில்லைம்மா. இத்தனை வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் கூடிப்போச்சுன்னு பயந்து, நான்தான் கண்ணைச் சுருக்கிட்டேன். இப்போ கொஞ்சம் அகலத் திறக்கிறேன்.”

அடுத்த படத்தில் குஞ்சு வெள்ளைவெளேரென்று நின்றது. கொக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் அது படத்தை விட்டுத் திரும்பி, இத்தனை நேரமும் பசிக்குதென்று தன் காலடியில் கத்திக்கொண்டிருந்த குஞ்சைப் பார்த்தது.