பட்டியலில் ஒரு பெயர்

“இன்னொரு தடவ மன்னிப்புன்னு சொன்னீங்கன்னா காப்பியத் திரும்ப வாங்கிருவேன், ஐயரே.”

சபைப் போதகர் வேதமாணிக்கம் ஐயர் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலை ஆராதனையில் நோயாளிகளுக்காக ஜெபித்தபோது, பழைய பட்டியலைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு முன் அவரே அடக்கம் செய்த ஞானசிகாமணியின் பெயரையும் வாசித்துவிட்டார். சபை முழுக்க ஆமென் சொல்லிவிட்டது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையின் முறையல்ல என்று வருஷாவருஷம் வகுப்பெடுப்பவர் அவர். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னும் தவறை ஒப்புக்கொள்ளப் போகிறார். அதை முதலில் ஞானசிகாமணியின் மனைவி சுகிர்தம் டீச்சரிடம் சொல்லத்தான் வந்திருந்தார்.

டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“எங்க கல்யாணத்துக்கு முன்னால கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்கல்லா, அப்ப அவுக முழுப் பேரையும் சொல்லி, ‘யாருக்காவது தடையுண்டோ’ன்னு கேட்டாங்க. மொத ஞாயிறே அந்நேரம் பாத்து எங்க பெரியம்மா இருமிட்டா. எனக்கு உசுரே போயிட்டு! மூணு ஞாயிறும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். இன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான் இருந்துச்சு.”

ஐயர் காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தார். டீச்சரே தொடர்ந்தார்.

“தப்புதான், தெரியும். ஒப்புக்கிடத்தான் வேணும். அத இன்னும் ரெண்டு ஞாயிறு கழிச்சு வச்சுக்கிடுங்களேன். அதுவரைக்கும் பேரு லிஸ்டுல இருக்கட்டுமே, ஐயரே.”