பாதி உறைந்த சோடா

மூன்றாவது பாட்டிலும் கல்லாக இறுகி, கழுத்தில் விரிசல் விட்டிருந்தது.

ஹார்லன் அதை வாளிக்குள் போட்டுவிட்டுப் பின்னறையிலிருந்து சாப்பாட்டுக் கடையின் முன்பக்கம் எட்டிப் பார்த்தார்.

விச்சிட்டா நகரத்திலிருந்து வந்தவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல ஊர்களில் கடை வைத்திருப்பவர். ருசித்துப் பார்த்துப் பிடித்தால் நல்ல காசு கொடுத்து, தன் எல்லாக் கடையிலும் இந்தப் பாதி உறைந்த சோடாவைப் போடுவதாகச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் ஹார்லனின் கடை அடுத்த கோடையைப் பார்க்காது.

சோடா இயந்திரம் படுத்ததில் ஆரம்பித்த கதை இது. அது மக்கர் செய்தால் மகன் லைல்தான் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி ஓட வைப்பான். மார்ச் மாதம் கோதுமை லாரி கவிழ்ந்து லைல் போய்விட்டான். வேறு வழி தெரியாமல், இறைச்சி வைக்கும் ஃப்ரீசர் பெட்டியில் சோடா பாட்டில்களை அடுக்கினார் ஹார்லன். அடுக்கியதை மறந்தும் போனார்.

எடுத்தபோது பாதி தண்ணீர், பாதி பனித்தூள்.

அறுவடைக்கு வந்த ஆட்கள் அதற்குப் பைத்தியமாகிவிட்டார்கள். கான்சாஸ் வெயிலில் அதைக் குடித்தவன் மறுநாள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஆனால் அது எப்போது பதமாக வரும் என்று ஹார்லனுக்கே தெரியாது. நேரம் பார்த்து எடுத்தார். ஃப்ரீசர் மூடியின் விளிம்பில் துணி சொருகினார். காவல் காத்தால் கல்லாகிவிடும், அவசரப்பட்டால் வெறும் தண்ணீர். கண்டுகொள்ளாமல் விட்ட நாளில் மட்டும் தானாகவே வந்து நின்றது.

"யோவ் ஹார்லன், பெட்டிகிட்ட கெஞ்சிக்கிட்டா இருக்க?" முன்பக்கத்திலிருந்து பக்கத்துப் பண்ணைக்காரர் க்ளைட் கத்தினார். "வெர்னாவை அனுப்புய்யா. அவ கைராசி உனக்கு ஏது!"

கடை முழுக்கச் சிரித்தது.

மனைவி வெர்னாவை ஊரே மெச்சியது. மகனை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை. மறுநாளே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஹார்லன் இரவில் விசும்பியபோதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதில் அவருக்கு உள்ளூரக் கோபம்கூட உண்டு.

புதிதாக ஒரு வரிசை பாட்டில் வைத்துவிட்டு முன்பக்கம் வந்தார். மதியச் சாப்பாடு முடியும்வரை காத்திருப்பதாக விச்சிட்டாக்காரர் ஒப்புக்கொண்டார். கடையில் கூட்டம் ஏறியது.

இறைச்சி தீர்ந்தது. "நான் எடுத்துட்டு வரேன்" என்று வெர்னா பின்னறைக்குப் போனாள்.

போனவள் வரவில்லை.

அடுப்பில் காய்ந்த கல்லில் எண்ணெய் புகைந்தது. ஹார்லன் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

ஃப்ரீசரின் மூடி அகலத் திறந்திருந்தது. வெர்னா இடுப்புவரை குனிந்து தலையை உள்ளே விட்டிருந்தாள். மோட்டார் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், ஒரு விம்மல். அதில் மகனின் பெயர் மட்டும் அவருக்குப் புரிந்தது.

பெட்டியிலிருந்து வழிந்த குளிர் அவர் கணுக்காலைத் தொட்டது. அவள் முகத்துக்குக் கீழே பாட்டில்கள் வரிசையாக நின்றன. பதம் தானாக வந்த நாட்களிலெல்லாம் இந்த மூடி இப்படித்தான் திறந்து கிடந்திருக்கும்.

தோளைத் தொடப் போன கை பாதியில் நின்றது.

"ஆச்சாய்யா?" என்று க்ளைட்டின் குரல்.

ஹார்லன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு முன்பக்கம் வந்தார். விச்சிட்டாக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் ஹார்லன். "இன்னும் பதம் வரலை."