உன் கையில் பூ பூக்கட்டும்

போருக்குப் பிறகு மெல்போர்னுக்கு வந்து கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ரைன்ஹோல்ட் ஆம்ஸ்பெர்க், தான் ஜெர்மன் சிப்பாயாக இருந்ததை யாரிடமும் மறைத்ததில்லை.

"நார்வேல இருந்தேன். தந்தி அடிக்கிற வேலை. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை" என்று கேட்காமலே சொல்லிவிடுவார்.

புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் ஆர்கிரோ, கிரீட் தீவுக்காரி. அன்று வீட்டில் சுட்ட பாலாடைக்கட்டி அப்பத்தை அவருக்குக் கொண்டுவந்தாள். ஒரு வாய் தின்றதும் அவரையும் அறியாமல் கிரேக்கத்தில் வாழ்த்தினார்.

"உன் கையில பூ பூக்கட்டும், மகளே!"

ஆர்கிரோ துள்ளிக் குதித்தாள். "அய்யோ புரொபசர், இது எங்க ஊர்ப் பேச்சு! பக்கத்து ஊர்லகூட இப்படிச் சொல்ல மாட்டாங்க. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"ஏதாவது புத்தகத்துல படிச்சிருப்பேன்."

"எங்க குக்கிராமத்தைப் பத்தி எவன் புத்தகம் எழுதினான்? சும்மா சொல்லுங்க. அவங்க எங்க இருக்காங்க? உடனே பார்க்கணும்."

"ஏம்மா இவ்வளவு அவசரம்?"

அவள் குரல் உடைந்தது. "ஜெர்மன்காரங்க எங்க ஊரையே நிக்கவெச்சுச் சுட்டுட்டாங்க. டவுன்ல படிச்சிட்டிருந்ததால நான் தப்பிச்சேன். இன்னொருத்தரும் மிஞ்சியிருக்காங்கன்னு இப்பத்தானே தெரியுது!"

அவருடைய இரண்டு கைகளையும் அவள் பற்றிக்கொண்டாள். அவர் கூனிக் குறுகிப்போனார். தலை நிமிரவில்லை.

"யாரும் மிஞ்சலைம்மா. உங்க ஊர்க் கிணத்துல ஒரு அம்மாவுக்குத் தண்ணி இறைச்சுக் குடுத்தேன். அவங்கதான் என்னை அப்படி வாழ்த்தினாங்க."

அவள் பிடி தளர்ந்தது.

"சுடச் சொல்லி உத்தரவு மறுநாள்தான் வந்துச்சு" என்றார்.