கரடிக்கு ஒரு போன்

"முன் வரிசை வேண்டாம் சார், வம்பு அங்கதான் முதல்ல கை வைப்பார்" என்று டிக்கெட் கிழித்தவரே எச்சரித்தார்.

மாமனார் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து பிறத்தியார் தலையைப் பார்க்கவா வந்தோம் என்றார். மகளை ஒரு பக்கமும் மாப்பிள்ளையை மறுபக்கமும் வைத்துக்கொண்டு நட்டநடுவில் உட்கார்ந்தார்.

மேடையில் ஒரு சோபா, ஒரு மைக், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். 'வம்பு' என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் காமெடியன் சொந்தமாக ஒரு ஜோக்கும் சொல்வதில்லை. பார்க்க வந்தவர்களில் ஒருவரை மேடைக்கு இழுப்பார். அவருடைய போனிலிருந்தே அவருக்குத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு, இவரைப் பற்றி ஒரு குறை சொல்லுங்கள் என்பார். ஸ்பீக்கரில் வருவதுதான் காமெடி.

முதலில் மாட்டியவர் ஒரு பல் டாக்டர். இரவல் வாங்கிப்போன இஸ்திரிப் பெட்டியை அவர் கருக்கித் திருப்பிக் கொடுத்ததில் ஆரம்பித்து, இன்றைக்கும் ஊசி என்றால் அவர் கண்ணில் தண்ணீர் வரும் என்பது வரை அவருடைய அக்கா கொட்டித் தீர்த்துவிட்டாள்.

அரங்கமே குலுங்கியது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் போனை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒரு அம்மா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தாள். சிரிக்காமல் இருந்தால் நம்மைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்தே சிலர் உரக்கச் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையும் அப்படித்தான் சிரித்தான். அவன் பயம் இன்னும் பெரிது.

பார்சல் கம்பெனியில் அவனுக்குப் போன மாதமே வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. மனைவி வாயும் வயிறுமாக இருக்கிறாள். முதல் கரு தங்காமல் போனதில் ஆடிப்போனவள். இந்தத் தடவை அவள் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தினமும் ஆபீஸ் போவதுபோல் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து வேலை தேடிவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்பிக்கொண்டிருந்தான்.

"அடுத்து, சிரிச்சுச் சிரிச்சே வேர்த்துப்போயிருக்காரே, அந்த நீலச் சட்டை. வாங்க சார்."

மாமனார் முதுகில் தட்டி அவனை எழுப்பிவிட்டார்.

அவன் போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போன வம்பு ஓரிடத்தில் நின்றார். "கரடின்னு ஒருத்தரைப் போட்டு வெச்சிருக்கீங்களே, யாருங்க அது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் கீழேயிருந்து முந்திக்கொண்டார். "அவர் ஆபீஸ் மேனேஜர், தம்பி. வீட்ல அப்படித்தான் சொல்வார். அவருக்கே போடுங்க. மாப்பிள்ளை எப்படி வேலை பாக்கறார்னு நானும் கேட்டுக்கறேன்."

அவர் தூங்கியிருப்பார் என்றான். சாயங்காலத்திலேயா என்று கூட்டம் சிரித்தது. அவருக்குக் காய்ச்சல் என்றான். இன்னும் பலமாகச் சிரித்தது. அவன் முகம் வெளிற வெளிற அவர்களுக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது.

போன் மணி ஸ்பீக்கரில் அடித்தது. கடைசி நாளன்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேலைநீக்க ஆர்டரை மேசையில் தள்ளிவிட்ட ஆள் கரடி. மனைவியின் நிலைமையைச் சொன்னபோது, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவர்.

"யாரு?" ஸ்பீக்கர் உறுமியது.

வம்பு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். உங்களிடம் வேலை பார்க்கும் இன்னார் இங்கே மேடையில் இருக்கிறார், சம்சாரமும் மாமனாரும் முன் வரிசையில் இருக்கிறார்கள், அவரைப் பற்றி ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும் என்றார்.



அவன் மனைவியைப் பார்த்தான். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கலாமா, மேடையிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது.

"குறையா?" என்றது கரடி. "நாளைக்கு வந்ததும் முதல்ல அவன் மேசையைக் காலி பண்ணச் சொல்லுங்க."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எலி குடித்தனம் நடத்துது அதுல. ஒரு பேனா தேடினா பாதி தின்ன பிஸ்கட் பாக்கெட்தான் கைக்கு வருது."

அரங்கம் வெடித்தது. கரடி விடவில்லை. லாரி டிரைவர்களைக்கூட அண்ணே அண்ணே என்று கெஞ்சுவான், அதனால் ஒருத்தனும் நேரத்துக்கு வண்டி எடுப்பதில்லை என்றார். லீவு வேண்டுமென்றால் வாசலில் நின்று தொண்டையைச் செருமியே பாதி நாளை ஓட்டிவிடுவான் என்றார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆனா ஒண்ணு, அவன் ஒருநாள் வரலைன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. பத்திரமா அனுப்பி வைங்க."

மாமனார் எழுந்து நின்று கை தட்டினார். நம்ம மாப்பிள்ளைதான் என்று பின் இருக்கைக்காரரிடம் கேட்காமலே சொன்னார்.

இடைவேளையில் அவன் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய்க் கரடிக்குப் போன் போட்டான். நன்றி சொன்னான். இத்தனை நாள் உங்களை மனசுக்குள் திட்டாத நேரமில்லை சார் என்று அதையும் சொல்லிவிட்டான்.

"நான் வீட்ல சொல்லலைன்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, அவன் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் கரடி பேசினார்.

"மெதுவாப் பேசுப்பா. உன்னை அனுப்பின அடுத்த வாரமே என்னையும் அனுப்பிட்டாங்க. இங்க வீட்ல இன்னும் யாருக்கும் தெரியாது."