கைவாளில் தேய்ந்த பெயர்

அக்கராயனுக்கு இடம்பெயர்ந்து வந்தபின் ஒரு மத்தியானம், என் மனைவி ஸ்ரெல்லா மரம் அறுக்கும் பழைய கைவாளின் மேல் கொப்பித்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். அதைச் செய்த கொம்பனியின் பெயர் தேய்ந்துபோயிருந்தது.

சந்தையில் வாங்கியதென்று அவளிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் அது கடலில் இறந்த அவளுடைய அண்ணன் சூசைதாசனின் வாள். செத்தவீட்டன்று எடுத்துவந்து, அவர் அதில் வெட்டியிருந்த தன்னுடைய பெயரை அரத்தால் அராவி அழித்தேன்.

தாளில் ஒரு கிரீடமும் இங்கிலீஷ் எழுத்துகளும் தெரிந்தன.

"இங்கிலாந்துச் சாமான்! வித்தவன் சரியான விசரன்" என்று சிரித்தாள்.

அதற்குக் கீழே, 'மரியநேசனுக்கு' என்று என் பெயர் வந்தது.

"இஞ்சாருங்கோ, இது அண்ணான்ர எழுத்தெல்லோ? உங்களுக்கெண்டே வெட்டி வைச்சிருக்கிறார். பிறகேன் சந்தையில வாங்கினதெண்டு சொன்னனீங்கள்?"

வாளைத் தடவினேன். அந்த இடம் வழுவழுவென்றிருந்தது.

நான் அராவும்போது அதில் என் பெயர் இருக்கவில்லை.