காயும் சந்தனம்

நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு கராஜின் தகரக் கூரைக்குக் கீழே குளிர்காலத்துக் காலை வெயில் கீற்றாக விழுந்து, பற்றரி பூட்டிப் பலகையில் விலைக்கு நிற்கும் இரண்டு பழைய எஞ்சின்களை மினுக்குகிறது. வாசலில் நிற்பது நிதுஷனின் பகி. மணல்மேட்டில் ஓடவென்று செய்த, கூரையில்லாத குட்டி வண்டி. ரோட்டில் மற்றக் கார்களோடு ஓட அதற்கு மூச்சுப் போதவில்லை. அவன் பெரிய எஞ்சினையே சுற்றிச் சுற்றி வருகிறான். மனைவி தர்சினியின் கண் கராஜ்காரர் சச்சிதானந்தனை விட்டு அகலவில்லை. சின்ன எஞ்சினைப் பற்றி இந்த மனிதர் ஏன் வாயே திறக்கவில்லை? "குளிர்ந்த எஞ்சின் முதல்தரம் ஸ்டார்ட் ஆகேக்கைதான் அதின்ர வருத்தம், கோளாறு எல்லாம் காதுக்குக் கேக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த நிதுஷன் இப்போது அதை மறந்தே போனான். அவள்தான் கேட்கிறாள். "அங்கிள், இண்டைக்கு இதுகளை ஸ்டார்ட் பண்ணினனீங்களோ?" எண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்தபடியே அவர் சொல்கிறார். "சீச்சீ, தொடவேயில்லைப் பிள்ளை. நீங்கள் வரட்டும் எண்டெல்லோ பாத்துக்கொண்டு இருக்கிறன்." தர்சினி கோயிலில் தந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து, இரண்டுக்கும் ஒவ்வொரு பொட்டு வைக்கிறாள். "எது எங்களுக்கு வாய்க்குதோ." "பெரிசுதான் பிள்ளை" என்று சிரித்து, அவர் ஸ்டார்ட் பண்ணும் சாவியை நிதுஷனிடம் நீட்டுகிறார். சின்னதில் சந்தனம் ஈரமாகவே மினுங்குகிறது. பெரியதில் ஓரம் வெளுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே வெடித்து உதிர்கிறது. சாவிக்கு நீண்ட கணவனின் கையைப் பிடித்து, அந்தப் பெரிய எஞ்சினின் மேல் வைக்கிறாள். காலைக் குளிருக்கு அது நல்ல இதமான சூடாக இருக்கிறது.