டீச்சருக்குப் பதிலாக

"பசங்ககிட்ட உங்களைப் பத்தி எதுவும் சொல்லிக்காதீங்க. சொன்னீங்க, அவ்வளவுதான். தலையில ஏறி உட்கார்ந்துக்குவாங்க" என்றார் தலைமையாசிரியை, வராந்தாவில் வேகமாக நடந்தபடி.

புது வாத்தியார் தலையாட்டினார். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எப்போதோ படித்துவிட்டு மூலையில் போட்டிருந்த ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஐந்தாம் வகுப்பு டீச்சர் படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், அவர் திரும்பி வரும்வரை இவருக்கு வேலை.

"வகுப்பு எப்படி மேடம்? அடங்கின பிள்ளைங்களா?"

"அவங்க டீச்சர்கிட்ட பசு. மத்தவங்ககிட்ட..."

மீதியைச் சொல்லாமலேயே கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

மீதி என்னவென்று ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வருகைப் பதிவு எடுத்தபோது ஒரே பையன் மூன்று குரலில் மூன்று பேருக்கு "உள்ளேன் ஐயா" சொன்னான். எங்கிருந்தோ வண்டு ரீங்காரம் கேட்டது. அவர் அந்த வரிசைக்குப் போனால் வண்டு இந்த வரிசைக்கு வந்தது. மேஜையைத் தட்டினார். எல்லா டெஸ்க்கும் திரும்பத் தட்டின.

"சைலன்ஸ்!"

"சைலன்ஸ்..." என்றது கடைசி பெஞ்சு, பள்ளத்தாக்கில் எதிரொலிப்பது போல.

போர்டில் அரையையும் காலையும் எழுதி, கூட்டிக் காட்டினார். "புரியுதா?"

"புரியல சார்!" என்று மொத்த வகுப்பும் சந்தோஷமாகச் சொன்னது.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. 'இது நமக்கு ஆகாது' என்று தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லிவிடலாமா? இந்த வேலையும் கைவிட்டுப் போனால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? சாக்பீஸை மேஜைமேல் வைத்தார்.

"சரி, எனக்கு நடத்தத் தெரியலன்னே வச்சுக்குங்க. உங்க டீச்சர் எப்படி நடத்துவாங்க? யாராவது வந்து காட்டுங்க, பார்ப்போம்."

வண்டு நின்றுவிட்டது.

ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி எழுந்து வந்தாள். இல்லாத முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இதோ பாருங்க சார். மேல இருக்கிற நம்பர் மாடி வீட்டுக்காரர். கீழ இருக்கிறது கீழ் வீட்டுக்காரர். கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனாத்தான் மாடி வீட்டுக்காரங்க ஒண்ணு சேர முடியும். இப்ப கீழ ஒரே சண்டை. இங்க ரெண்டு, அங்க நாலு. முதல்ல அதைச் சமாதானம் பண்ணணும்!"

"டீச்சர் அந்தச் சண்டையை ரெண்டு குரல்ல போடுவாங்க சார்" என்றான் முன்பல் இல்லாத பையன்.

"உங்க டீச்சரா?"

"ஆமா சார். பாட்டுப் பாடுவாங்க. கழுதை மாதிரி கத்திக் காட்டுவாங்க. சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறு வலிக்கும்."

நம்ப முடியாமல் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் விளையாடுவதாகத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் அவரும் சண்டை போட்டுப் பார்த்தார். கீழ் வீட்டுக்காரர் சரியாக வந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. ஆனால் அடுத்துப் பிள்ளைகள் போட்ட கணக்குகளில் ஒன்றுகூடத் தப்பில்லை.

மதிய மணி அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். ரெட்டை ஜடை மட்டும் மேஜையருகே நின்றாள்.

"சார், டீச்சருக்குக் கால் சரியாயிடுமா?"

"ஆயிடும்மா."

"அவங்களுக்கு யாரு சார் சாப்பாடு எடுத்துக் குடுப்பாங்க? பாவம், தனியா இருக்காங்க."

"தனியாவா? யாரு சொன்னா?"

"அவங்களேதான் சார். 'உங்க வீட்டுலயும் இப்படித்தான் எல்லாரையும் சிரிக்க வைப்பீங்களா டீச்சர்'னு ஒரு நாள் கேட்டேன். 'நான் பேசறதைக் கேக்க வீட்டுல யாரும்மா இருக்கா?'ன்னாங்க. அன்னிக்கு மட்டும் அவங்க சிரிக்கல சார்."

அவர் கையில் இல்லாத சாக்பீஸ் தூளை வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க போய்ப் பார்த்துட்டு வருவீங்களா சார்? நாங்கல்லாம் கேட்டோம்னு சொல்லணும்."

"போறேம்மா. கண்டிப்பா சொல்றேன்."

சாயங்காலம், கொடுத்த வாக்குப்படி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போனார். வாசற்கதவு வெறுமே சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு டீச்சர் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"பசங்க ரொம்பப் படுத்திட்டாங்களா?"

பதிலை எதிர்பார்க்காத குரல். கேட்டுவிட்டு மறுபடி விட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவர் பையைக் கீழே வைத்தார். கட்டிலோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீச்சரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

கல்யாணமான நாளாக, வீட்டுக்குள் நுழைந்தால் டி.வி. முன்னால் மட்டுமே உட்காரத் தெரிந்த மனிதரை, டீச்சர் கலவரத்தோடு ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க... டி.வி. ரிப்பேரா?"